மணி பதினொன்று பத்து

வாயைத் திறந்தாகிவிட்டது, இனி அவளாக நினைத்தாலும் மூட முடியாது. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் ஒரு ரப்பர் கட்டையைச் செருகிவிட்டாள் பல் டாக்டர் நஸ்ரீன். கன்னத்துக்குள்ளே பஞ்சு, நாக்குக்கு அடியில் எச்சிலைக் கரகரவென்று உறிஞ்சுகிற குழாய், தலைக்கு மேலே கண்ணைக் குத்துகிற விளக்கு. மங்கையர்க்கரசிக்கு வந்த ஆத்திரத்தில் கட்டையோடு சேர்த்து அந்த விரலையும் கடித்துத் துண்டாக்கியிருப்பாள், கடிக்கத் தாடை இருந்திருந்தால். தாடை போய்விட்டது. மூன்று ஊசி. முதல் ஊசிக்கு மரக்கவில்லை, "உங்க நரம்புக்கு ரொம்பப் பிடிவாதம்மா" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது, மூன்றாவது. பிடிவாதம் இல்லாமலா முப்பத்திரண்டு வருஷம் தள்ளினாள், சப் கலெக்டர், கலெக்டர், கமிஷனர், செயலாளர் என்று ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் ஏறிவந்தவன் முழங்கையால் இடிக்க இடிக்க, ஒரு முகம் சுளிக்காமல், ஒரு சொட்டுக் கண்ணீர் எவன் கண்ணிலும் படாமல். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குத் தலைமைச் செயலாளர். உத்தரவு தயார், கையெழுத்தும் ஆகிவிட்டது, வெளியே விடவேண்டியதுதான் பாக்கி. இந்தப் பாழாய்ப்போன பல்லுக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ, சரியாக மூன்று நாளைக்கு முன்னால் ஆரம்பித்தது, காதுக்குள் ஆணி அடிக்கிற வலி. வீங்கின கன்னத்தோடு பொறுப்பேற்கிற போட்டோவில் நிற்க முடியுமா, வாழ்நாள் பூரா அந்தப் போட்டோ சுவரில் தொங்குமே என்றுதான் ஒன்பதரைக்கு வந்து படுத்தாள். அரை மணியில் முடிந்துவிடும் என்றாள் நஸ்ரீன். மரக்கட்டும் என்று பத்து நிமிஷம் விட்டு வைத்திருந்தபோதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வடிவு வந்தாள்.

வடிவு அவளுக்குப் பதினோரு வருஷமாக பி.ஏ., ஆஸ்பத்திரி அறைக்குள் அப்படி நுழைகிறவள் இல்லை. கையில் போன், முகத்தில் ரத்தமில்லை. குனிந்து காதோடு சொன்னாள். தாழைமுத்தூரில் கல்குவாரி லாரிகளை மறித்து உட்கார்ந்திருந்த ஜனங்கள்மேல் போலீஸ் சுட்டுவிட்டது, ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்கு, ரெண்டு பேர் போய்விட்டார்கள், ஒன்று காலேஜ் படிக்கிற பெண். சுடச்சொல்லி எழுத்தில் உத்தரவு இல்லை. ஐ.ஜி. வேதமாணிக்கம் லைனில் இருக்கிறார், பத்தரைக்குப் பத்திரிகைக்காரர்களுக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும், அதற்குள் துணை வட்டாட்சியர் எட்டு ஐம்பத்தைந்து என்று நேரம் போட்டு உத்தரவில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஆள் மாட்டேன் என்கிறார். "நான் அப்போ அங்க இல்லவே இல்லைங்கிறாராம்மா. வந்து சேர்ந்ததே ஒன்பதரைக்காம். இந்த மாசக் கடைசியில ரிட்டயர்டு ஆகுறாரு, அந்த நாள்ல சஸ்பெண்ட் ஆர்டர் வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்கன்னு ஐ.ஜி. சொல்லியும் அசையலையாம்." பெயர் என்ன என்று கேட்க வாய் எடுத்தாள், நாக்கு எங்கேயோ கிடந்தது, தடித்து, வேறு யாருடையதோ போல. வடிவே சொன்னாள். "குருபாதம்னு பேரு. உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவராமே. செயலாளர் அம்மா அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், போட்டுடுறேங்கிறாரு. வேற யார் சொன்னாலும் போடமாட்டாராம்." அதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டு வந்த நஸ்ரீன், "இப்போ பேசக்கூடாதும்மா, தொறந்துடுவோம், சீழ் இருக்கு" என்றாள், டிரில்லைக் கையில் எடுத்துவிட்டாள். வடிவு விடவில்லை. "தலையை மட்டும் ஆட்டிடுங்கம்மா, மிச்சத்தை நான் சொல்லிக்கிறேன்." மங்கையர்க்கரசி விரலைத் தூக்கி, பொறு என்று காட்டினாள். வடிவு சுவரோரம் நின்றுகொண்டாள்.

டிரில் இறங்கியது. வலி இல்லை, சத்தம் மட்டும், மண்டைக்குள்ளேயே யாரோ கல் உடைக்கிற சத்தம், கல்குவாரி, ஒன்பது ஐந்து, காலேஜ் படிக்கிற பெண், எலும்பு கருகுகிற வாசனை, தன் பல் கருகுகிற வாசனையைத் தானே முகர்ந்துகொண்டு மல்லாந்து கிடக்கிற கொடுமையை என்னவென்று சொல்வது. குருபாதம். முப்பது வருஷமாக அந்தப் பெயரை மறந்துவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், மறக்கவெல்லாம் இல்லை, அடியில் போட்டு மேலே நூறு பைலை அடுக்கி வைத்திருந்தாள், அவ்வளவுதான். மேலக்கொத்தேரி உப்பளம். அவளுக்கு இருபத்தேழு வயசு, சப் கலெக்டராகிச் சரியாக நாலு மாசம், வெயிலில் உப்பு அடிக்கிற வெள்ளையில் கண் திறக்க முடியாமல் நிற்கிறாள், எதிரே லாரிகளை மறித்துக்கொண்டு முந்நூறு பேர், பின்னால் போலீஸ். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் மாசானம். கால் விரலிடுக்கெல்லாம் உப்புத் தின்று வெடித்துக் கிடந்தது. மரியாதையாகத்தான் பேசினான். "நாலு மாசமா கூலியைக் குடுக்கல தாயி. முதலாளிமாரு சொல்லி நாங்க நம்பமாட்டோம். நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, வாங்கித் தாரேன்னு, எந்திரிச்சுப் போயிடுதோம்." அவ்வளவுதான் அவன் கேட்டது. சொல்லலாமா, கலெக்டரைக் கேட்காமல் சொல்லலாமா, சொன்னால் பின்னால் எழுத்தில் விளக்கம் கேட்பார்களா, அதிகாரத்துக்கு மீறி வாக்குக் கொடுத்தாள் என்பார்களா என்று ஒரு நிமிஷம், இல்லை, அரை நிமிஷம் யோசித்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். முதல் குண்டு அவள் காதை ஒட்டிப் போனது.

"இன்னும் கொஞ்சம் பெரிசா தொறங்கம்மா." மாசானத்தின் கீழ்த்தாடையை எடுத்துக்கொண்டு போய்விட்டது அந்தக் குண்டு. ஆள் உடனே சாகவில்லை. அங்கேதான் இருக்கிறது கொடுமை, உடனே செத்திருந்தால் நாலு பேரில் ஒரு பேராகப் போயிருப்பான். உப்புக் குவியல்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தான், மேல்வரிசைப் பல் அப்படியே இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை, நாக்கு மட்டும் தொங்கி அசைகிறது, அசைந்து அசைந்து எதையோ சொல்கிறான். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. வெள்ளை உப்பு ரத்தத்தைக் குடித்துக் குடித்துச் சிவந்து அவன் இடுப்புவரைக்கும் ஏறியது. அவன் சொன்னதை நின்று கேட்டிருக்க வேண்டும், புரியாவிட்டாலும் நின்றிருக்க வேண்டும். ஓடினாள். ஆமாம், சப் கலெக்டர் செருப்பை விட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினாள், போகிற வழியில், பெயரெல்லாம் பிற்பாடு பிணப் பட்டியலில் படித்ததுதான், பேச்சித்தாய் குப்புறக் கிடந்தாள், சவரிமுத்து கிடந்தான், கொம்பையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உப்பில் உருண்டுகொண்டிருந்தான். மாசானத்தின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, தன் சட்டையைக் கழற்றி அவன் முகத்தில் கட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள், அவளோடு ஜீப்பில் வந்த இளநிலை உதவியாளன், குருபாதம். மாசானத்தின் மூச்சு நிற்கிற வரைக்கும் அங்கே இருந்தவன் அவன். அவளை அவன் அண்ணாந்து பார்த்தான், அது மட்டும் ஞாபகம்.

"எஸ்தர், பதினஞ்சாம் நம்பர் பைல் குடு" என்றாள் நஸ்ரீன் பக்கத்தில் நின்ற நர்சிடம், இங்கேயும் பைலா என்று மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க உதடு இல்லை, ஊசி மாதிரி ஒரு கம்பியைப் பல்லுக்குள் விட்டுக் குடைந்து குடைந்து எடுத்தாள் நஸ்ரீன், எடுத்த கம்பியில் ரத்தமும் சீழும், அதைத் துடைத்துவிட்டு மறுபடி. குடை, நன்றாகக் குடை. சாயங்காலம் நாலு இருபதுக்குத் தாலுகா ஆபீசில் வைத்துத்தான் அந்தக் கையெழுத்து. கலெக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், டி.எஸ்.பி. நின்றுகொண்டிருந்தான், "நேரம் பதினொன்று பத்துன்னு போட்டுடுங்க மேடம், சுட்டது பதினொன்று இருபதுக்கு, பத்து நிமிஷம் எச்சரிச்ச மாதிரி ஆயிடும்" என்றான். அவள் கலெக்டரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை, ஆட்டினார், அவ்வளவுதான், பிற்பாடு விசாரணைக் கமிஷனில் நான் எந்த உத்தரவும் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணினார், அது உண்மையும்கூட. இந்த உத்தியோகத்தில் கொலையெல்லாம் தலையாட்டலில்தான் நடக்கும், இல்லாவிட்டால் போனில் நடக்கும், பிறகு கீழே இருப்பவன் பைலில் 'பேசியபடி' என்று ஒரு வார்த்தை எழுதி அடியில் கையெழுத்து வைப்பான், யார் பேசினது, என்ன பேசினது, ஆண்டவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் உத்தரவை டைப் அடித்துவிட்டார்கள், என்ன முட்டாள்தனம் பாருங்கள், உப்பளத்து நடுவில் டைப்ரைட்டர் எங்கேயிருந்து வந்தது என்று கமிஷன் கேட்காதா. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு கையாலேயே எழுதச் சொன்னார்கள், குருபாதம் எழுதினான், உப்பு லாரி பெர்மிட்டின் பின்பக்கத்தில், களத்தில் அவசரத்துக்குக் கிடைத்த காகிதம் மாதிரி. அவள் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தாள். அப்புறம் டி.எஸ்.பி. சொல்ல, ஒரு தம்ளர் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்து அந்தத் தாளின்மேல் தெளித்து, கசக்கி, நாலாக மடித்து, மறுபடி விரித்துக் காயவைத்தவனும் குருபாதம்தான். விரலில் மாசானத்தின் ரத்தம் காய்ந்திருந்தது, கழுவக்கூட விடவில்லை அவனை. உப்புக் கறை படிந்த அந்தத் தாளைக் கமிஷன் நீதிபதி தூக்கிப் பிடித்து, அபாயத்துக்கு நடுவிலும் நிதானம் தவறாத இளம் பெண் அதிகாரி என்று அறிக்கையில் எழுதினார். அந்த ஒரு வரியைத்தான் முப்பது வருஷமாக அவள் தின்றுகொண்டிருக்கிறாள், ஒவ்வொரு பதவி உயர்விலும் எவனாவது அந்த வரியை எடுத்துச் சொல்வான். அவள் புன்னகை செய்வாள்.

போன் அதிர்ந்தது, வடிவு பார்த்துவிட்டு அருகில் வந்து திரையை நீட்டினாள், வேதமாணிக்கம். 'மேடம், பத்து இருபது ஆச்சு. பன்னிரண்டு மணி விஷயத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.' எவ்வளவு மரியாதையாக மிரட்டுகிறான். தட்டில் வரிசையாகக் கிடந்த அந்தக் கூர்க் கம்பிகளில் ஒன்றை எடுத்து அவன் காதுக்குள் இறக்கினால் எப்படி இருக்கும், இறக்கித் திருகினால், நஸ்ரீன் திருகுகிற மாதிரி நிதானமாக, இன்னும் கொஞ்சம் பெரிசா தொறங்க சார் என்று சொல்லிக்கொண்டே. அவன் கழுத்தில் அந்த உறிஞ்சுகிற குழாயை. அந்த டி.எஸ்.பி.யின் கழுத்தில், அவன் செத்துப் பத்து வருஷமாயிற்று, நன்றாகச் செத்தான், தூக்கத்தில். கலெக்டரின் ஆடுகிற தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரில் மோதி, மோதி. சரி, அப்புறம் யாரை. உன்னைத்தானே முதலில் மோத வேண்டும், மங்கை, ஓடினவள் நீ, எழுதினவள் நீ. தலையை ஆட்டு. ஒரே ஒரு ஆட்டு, வடிவு பார்த்துக்கொள்வாள், வடிவு சொன்னாள் என்று இருக்குமே தவிர நீ சொன்னதாக எங்கேயும் இருக்காது, பன்னிரண்டு மணிக்குப் போட்டோ. ஆனால் குருபாதத்துக்குத் தலையாட்டல் போதாதாம், வாயால் சொல்ல வேண்டுமாம். எதற்குக் கேட்கிறான். மிரட்டுகிறானா, அன்றைக்கு நான் எழுதினது ஞாபகமிருக்கிறதா என்று, முப்பது வருஷம் மடியில் வைத்திருந்து ரிட்டயர்டு ஆகிறபோது எடுக்கிறானா. இல்லை, அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று நம்புகிறானா, இந்த ஒரு தடவையாவது. நம்பிக்கைதான் என்றால் அது மிரட்டலைவிடப் பெரிய கத்தி. உங்க வாயால ஒரு வார்த்தை. அதே வார்த்தை. மாசானம் கேட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் அவன், தெரிந்துதான் அதே வார்த்தையில் கேட்கிறான். அன்றைக்கு அரை நிமிஷம் யோசித்தாய். அரை நிமிஷம் யோசித்ததற்கு நாலு பேர். இப்போது எவ்வளவு நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறாய், நஸ்ரீன் பல்லைத் திறந்ததிலிருந்து அரை மணி, அந்தக் காலேஜ் பெண்ணை இந்நேரம் ஆஸ்பத்திரியில் எந்தத் தரையில் போட்டிருப்பார்களோ, அவள் அம்மா வந்திருப்பாள், அந்த அம்மாவிடம் போய் எட்டு ஐம்பத்தைந்துக்கே எச்சரித்தோம், உன் பெண்தான் எழுந்து போகவில்லை என்று சொல்லப்போகிறார்கள். நெஞ்சு வலிக்கிற மாதிரி இருந்தது, நாற்காலியின் கைப்பிடியை நகம் ஒடியப் பிடித்தாள். "வலிக்குதாம்மா?" என்று நஸ்ரீன் கையை எடுத்தாள். வலிக்கிறது என்று தலையை ஆட்டப்போனவள், சுவரோரம் வடிவு தன் தலையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, கழுத்தை இறுக்கி அசையாமல் கிடந்தாள்.

பிறகு கையை நீட்டி, எழுதுகிற மாதிரி காற்றில் காட்டினாள். வடிவுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் நம்ப முடியவில்லை, இந்த மாதிரி விஷயத்துக்கு அம்மா பேனா கேட்டு அவள் பார்த்ததே இல்லை. "எழுத வேணாம்மா, தலையை மட்டும்" என்றாள். மங்கையர்க்கரசி மறுபடி காட்டினாள், இந்தத் தடவை காட்டின விதத்தில் வடிவு கைப்பையைத் திறந்து அவளுடைய பச்சை மைப் பேனாவைக் கொடுத்தாள். தாளுக்கு நஸ்ரீனின் மருந்துச் சீட்டு. மல்லாந்து கிடந்தபடியே, மார்பில் பேஷண்ட் கார்டை வைத்து அதன்மேல் சீட்டை வைத்து, எழுத்து கோணிக்கொண்டு போக எழுதினாள். திரு. குருபாதம் அவர்கள் தாழைமுத்தூர் உத்தரவு எதிலும் கையொப்பமிடக் கூடாது. சுட்ட நேரத்தில் எந்த உத்தரவும் இல்லை என்பதையே பதிவு செய்யவும். நேரம் பத்து இருபத்தேழு என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டாள், இந்தத் தடவை அவள் நேரத்தைப் பார்த்து நேரம் போட்டாள். பேனா அங்கேயே நிற்கவில்லை. மேலக்கொத்தேரி உத்தரவில் பதினொன்று பத்து என்று நான் எழுதியது பொய். நான் கையெழுத்திட்டது அன்று மாலை நாலு இருபதுக்கு. முழுக் கையெழுத்து, மங்கையர்க்கரசி, ஒரு எழுத்து விடாமல். வடிவு இரண்டு தடவை படித்தாள். "ரெண்டாவதையும் அனுப்பணுமாம்மா? பன்னிரண்டு மணி வரைக்கும் பொறுத்து அனுப்பினா என்னம்மா? இப்பவே அனுப்பணுமா?" வடிவுக்கு அழுகை வந்துவிட்டது, பதினோரு வருஷம் கூட இருந்தவள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள் மங்கையர்க்கரசி, பலமாக, கன்னத்துப் பஞ்சு நழுவுகிற அளவுக்கு, காலையிலிருந்து அவள் ஆட்டின ஒரே ஆட்டு அதுதான். வடிவு சீட்டைப் போட்டோ எடுத்துக் குருபாதத்துக்கும், வேதமாணிக்கத்துக்கும் அனுப்பினாள். குருபாதத்திடமிருந்து உடனே பதில் வந்தது, இரண்டே வார்த்தை, சரிங்க அம்மா.

வேதமாணிக்கம் எழுதவில்லை, கூப்பிட்டான். வடிவு எடுக்கவா வேண்டாமா என்று நிற்கையில் மங்கையர்க்கரசி எழுந்து உட்கார்ந்தாள், ரப்பர் கட்டையைப் பிடுங்கி எறிந்தாள், பஞ்சைத் துப்பினாள், "அம்மா, பல்லு தொறந்து கிடக்கு, நாக்கைக் கடிச்சுக்குவீங்க, மரத்திருக்கு, தெரியாது" என்று நஸ்ரீன் தோளைப் பிடித்தாள், அவள் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். "என்ன மேடம் இது, எழுத்துல குடுத்திருக்கீங்க, பழசையெல்லாம் யாரு கேட்டா, உங்களுக்கு என்ன ஆச்சு, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல, அழிச்சுடுங்க, நானும் அழிச்சுடுறேன், ஏதாவது பேசுங்க மேடம்." பேசினாள். வார்த்தை வரவில்லை. உதடு எங்கேயோ தொங்கியது, நாக்கு அசைந்து அசைந்து எதிலும் படாமல் புரண்டது, தொண்டையிலிருந்து சத்தம் மட்டும் வந்தது, அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும், முப்பது வருஷமாகத் தெரியும், அதைக் கேட்கக்கூடாது என்றுதான் ராத்திரியெல்லாம் ரேடியோவைப் பாட விட்டுப் படுப்பாள். நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், உப்புக் கரித்தது, மோவாயிலிருந்து ரத்தம் மடியில் விழுந்தது, பொறுப்பேற்பதற்கென்று உடுத்தி வந்த பட்டுப் புடவையில் விழுந்தது. "புரியல மேடம். என்ன சொல்றீங்கன்னே புரியல" என்றான் வேதமாணிக்கம். அவள் சொன்னது நாலு பெயர். மாசானம், பேச்சித்தாய், சவரிமுத்து, கொம்பையா. "ஒண்ணுமே புரியல மேடம்." அவள் மடியில் விழுந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, முதல் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.